இறக்கத்துக்குக் காலைப் பழக்குவது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டுக்கு வழி கேட்டால் "ரோட்டுக்கு மேலயா, கீழயா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எங்கள் வீடு கீழே. 43 படி. யார் எப்போது கட்டினார்களோ, ஒரு படி அரை அடி உயரம், அடுத்தது முக்கால் அடி, நடுவில் ஓரிடத்தில் படியே இல்லாமல் வெறும் மண் சரிவு, மழைக்காலம் வந்தால் எல்லாவற்றின் மேலும் பாசி. நான் பிசியோதெரபிஸ்ட். பத்து வருஷம் அடுத்தவர்கள் மூட்டைப் பழக்கிவிட்ட பிறகு, ஒரு ஐப்பசி மழையில் அதே படியில் வழுக்கி விழுந்து இடது முழங்கால் ஜவ்வு பாதி கிழிந்துவிட்டது. கீழே போய் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினேன். ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள், அதில் ஆறு பயிற்சி, ஆறும் படுத்துக்கொண்டு செய்வது. காலை நேராக நீட்டித் தூக்கு, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்து, இந்த மாதிரி.

தப்பென்று சொல்ல மாட்டேன், வீக்கம் இருக்கிற முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு அதுதான் வேண்டும். நானும் ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தேன், தொடை பழையபடி திரண்டு வந்தது, ஏற்றத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் வீட்டுக்கு இறங்கும்போது நாலாவது படியில் முட்டி கழன்றுகொள்கிற மாதிரி ஆடியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கி வீடு சேர்ந்தேன். பத்து வருஷமாக நான் மற்றவர்களுக்குக் கொடுத்த தாளும் கிட்டத்தட்ட அதே தாள்தானே என்பது அந்த நாலாவது படியில்தான் உறைத்தது.

உடம்பு தசை தசையாகப் பிரித்து வேலை செய்வதில்லை. உட்கார்ந்து எழுவது, குனிந்து எடுப்பது, படி ஏறி இறங்குவது, திரும்பி எட்டுவது, தூக்கிச் சுமப்பது, தரையிலிருந்து எழுவது என்று ஒரு நாளில் நாம் செய்வதெல்லாம் இந்த ஆறேழு அசைவின் கலவைதான். ஃபங்ஷனல் மூவ்மென்ட் பேட்டர்ன் என்று எங்கள் தொழிலில் சொல்வது இவற்றைத்தான். எதைச் செய்ய வேண்டுமோ அதையே, சின்னதாக்கி, மெதுவாக்கி, பிடிமானம் கொடுத்துப் பழகிக்கொண்டு போனால் உடம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். கட்டிலில் படுத்துக் காலைத் தூக்கினால் காலைத் தூக்கத்தான் வரும்.

மலையில் இருக்கிறவர்களுக்கு இதில் இறக்கம்தான் முக்கியம். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயிலைக் கவனித்திருப்பீர்கள், குன்னூர் வரைக்கும் இன்ஜின் பின்னால் நின்று தள்ளும். திரும்பி இறங்கும்போது அதே இன்ஜின் கீழ்ப்பக்கத்தில் இருந்துகொண்டு பெட்டிகளைத் தாங்கிப் பிடித்தபடி வரும். தண்டவாளத்துக்கு நடுவில் இருக்கும் பல்சட்டம் ஏறுவதற்கு உதவுகிற அளவுக்கு இறங்குவதற்கும் உதவுகிறது. அங்கே சரிவு 12 அடி போனால் ஒரு அடி உயரும், அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் படியோ 12 அடிக்கு ஆறேழு அடி இறங்கும். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உங்களைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டு கொடுத்துக்கொண்டே எடையைப் பிடித்து நிறுத்துகிறது. இன்ஜின் வேலை ஒன்று, பிரேக் வேலை ஒன்று, ஒன்றைப் பழகினால் இன்னொன்று தானாக முழுசாக வந்துவிடாது. ரொம்ப நாள் கழித்து ஒரு பெரிய இறக்கம் இறங்கினால் அடுத்த இரண்டு நாள் தொடையைத் தொட முடியாமல் வலிப்பதும் இந்த பிரேக் வேலையால்தான்.

ஆரம்பிக்கும் முன்

ஆபரேஷன் ஆனவர்கள், எலும்பு முறிந்து கூடிக்கொண்டிருப்பவர்கள் இரண்டு கேள்விக்குப் பதில் வாங்கிக்கொண்டு வாருங்கள்: காலில் முழு எடை போடலாமா, எவ்வளவு மடக்கலாம். உங்களைப் பார்க்கும் டாக்டரோ பிசியோவோ சொல்லாமல் கீழே இருப்பது எதையும் தொட வேண்டாம். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் ரத்தம் உறைந்து குழாயை அடைத்திருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இடுப்பு வலியோடு தொடை இடுக்கு மரத்துப்போவது, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போவது, பாதம் தூக்க வராமல் தொங்கிப்போவது, இதற்கும் அப்படியே. மூட்டு வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் "தேய்மானம்தான்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு வலி ஒரு அளவுகோல். பத்துக்கு எத்தனை என்று மார்க் போடுங்கள். இரண்டு வரை கவலையே வேண்டாம். மூன்றிலிருந்து ஐந்து வரை பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஐந்தைத் தாண்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். காலையில் எழுந்து பார்க்கும்போது முட்டி வீங்கியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம், பாதியாகக் குறைத்துச் செய்யுங்கள், அடியோடு விட்டுவிடாதீர்கள். தொடைச் சதை பிடித்துக்கொண்டு வலிப்பது வேறு, மூட்டுக்குள் குத்துவது வேறு. முதலாவது நல்ல வலி.

நாற்காலி

முதலில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று பார்த்துவிடலாம். 17 இன்ச் உயரமுள்ள, கை இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். கையை ஊன்றினால் கணக்கு பூஜ்யம். 60லிருந்து 64 வயதுக்குள் இருக்கும் ஆண் 14க்குக் கீழே, பெண் 12க்குக் கீழே போனால் கால் பலம் வயதுக்குக் குறைவு, விழும் அபாயம் அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். 70லிருந்து 74க்கு அது 12, 10. ஒரு பேப்பரில் தேதியோடு எழுதி வையுங்கள், மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். தினமும் டெஸ்ட் வைத்துக்கொண்டால் அதுவே ஒரு நோய் ஆகிவிடும்.

செய்யும் முறை எளிது, செய்பவர்கள் குறைவு. பாதம் இரண்டையும் முட்டிக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும் வரை முன்னால் சாயுங்கள், அப்புறம் தரையை அழுத்தி எழுங்கள். சாயாமல் நேராக எழ முயற்சி செய்துதான் பலர் "முட்டியில் பலமே இல்லை" என்கிறார்கள். உட்காரும்போதும் அதே வழியாக, மனசுக்குள் நாலு எண்ணிக்கொண்டே இறங்குங்கள். கடைசி அரை அடியில் டபக்கென்று விழக்கூடாது. உட்காருவதும் ஒரு இறக்கம்தான், உங்கள் முதல் பிரேக் பயிற்சி இங்கேயே ஆரம்பித்துவிட்டது. நாற்காலியில் முடியாவிட்டால் கம்பளியை நாலாக மடித்து இருக்கையில் போட்டு உயரமாக்குங்கள், எங்கள் ஊரில் கம்பளிக்குப் பஞ்சமா. பத்து முறை சுலபமாக வந்தால் ஒரு மடிப்பை எடுங்கள், பிறகு மோடா, அதற்கப்புறம் குட்டை ஸ்டூல்.

மணையில் உட்காரும் அளவுக்கு எல்லோரும் போக வேண்டியதில்லை. நடக்க முழங்கால் 60, 65 டிகிரி மடங்கினால் போதும், படிக்கு 90ஐ ஒட்டி வேண்டும், நாற்காலியிலிருந்து எழ அதற்கும் கொஞ்சம் மேலே. முழுசாகக் குந்த 130ஐத் தாண்ட வேண்டும். மூட்டு மாற்றியவர்கள் பலருக்கு 110, 120 வரைதான் வரும், அதை வம்படியாக மடக்கிக் குந்த வைக்காதீர்கள்.

குனிவது

ஒரு கம்பை முதுகோடு நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு கை கழுத்துக்குப் பின்னால், ஒரு கை இடுப்புக்குப் பின்னால். பின்தலை, முதுகின் மேல்பகுதி, வால் எலும்பு, மூன்று இடமும் கம்பைத் தொட வேண்டும். முட்டியை லேசாகத் தளர்த்திவிட்டு, பின்னால் ஒரு கதவு திறந்திருப்பதாகவும் அதை உட்காரும் இடத்தால் தள்ளிச் சாத்துவதாகவும் நினைத்துக் குனியுங்கள். மூன்றில் ஒன்று கம்பை விட்டால் அந்த இடத்தில் நின்றுகொள்ளுங்கள், இன்றைக்கு உங்கள் எல்லை அதுதான். தொடையின் பின்பக்கம் இழுக்க வேண்டும், இடுப்பு இழுத்தால் நீங்கள் முதுகை வளைத்துவிட்டீர்கள்.

கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் பிடுங்குகிறவர்களிடம் நாளெல்லாம் கம்பு வைத்துக் குனியச் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கத்தான் வேண்டும். முதுகு வளையவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை, முதுகு வளையத்தான் படைக்கப்பட்டிருக்கிறது. பாரம் தூக்கும்போது இடுப்பு மூட்டிலிருந்து மடங்கவும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வழி தெரிந்தவர் ஒன்று வலித்தால் இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளலாம்.

படி இறக்கம்

இதற்குத்தான் இவ்வளவும். ஒரு அக்கா வந்தார், தேயிலைக் கொழுந்து பறிப்பவர், ஐம்பதைத் தாண்டியவர், வலது முட்டி தேய்மானம். பறிக்கும்போது தொந்தரவு இல்லை, ஏற்றத்தையும் சமாளித்துவிடுவார், சாயந்திரம் கொழுந்து மூட்டையோடு எடை போடும் இடத்துக்கு இறங்கும்போதுதான் முட்டி உயிர் போகும். சுவரோரம் நாலு செங்கல்லை நெருக்கமாகக் கிடையாகப் போட்டு மேலே ஏறி நிற்கச் சொன்னேன். மூன்று இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவான உயரம். "இதுல என்ன இருக்கு டாக்டரம்மா" என்றார். வலது கால் செங்கல் மேல், இடது கால் வெளியே காற்றில், ஒரு விரல் சுவரில். வலது முட்டியை மெதுவாக மடக்கி, இடது குதிகால் தரையை முட்டை ஓட்டைத் தொடுவது போலத் தொட்டுவிட்டு, எடை போடாமல் திரும்ப மேலே வர வேண்டும்.

முதல் முறையே வலது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்து இன்னொரு முட்டியைத் தேடிப் போனது, இடது இடுப்பு கீழே தொங்கியது. இறக்கத்தில் நூறு முறை இப்படிச் சாய்ந்தால் முட்டி என்ன செய்யும், பாவம். செங்கல்லில் அவருடைய பெருவிரலுக்கு அடுத்த விரலுக்கு நேராக ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, "முட்டி இந்தக் கோட்டுக்கு மேலேயே போய் வரட்டும், வேறு எதையும் பார்க்காதீர்கள்" என்றேன். பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் மூன்றும் செங்கல்லில் ஒட்டியிருக்க வேண்டும் என்று அதோடு சேர்த்துச் சொன்னேன். நாலாவது முறை கோட்டில் போனது. ஆறாவதில் நின்று இடுப்புப் பக்கத்தைத் தேய்த்தார். "முட்டி வலிக்கல, இங்கதான் எரியுது." அதுதான் வேண்டும். இடுப்பின் பக்கவாட்டுத் தசை தூங்கிக்கொண்டிருந்தால் முட்டிதான் அடி வாங்கும்.

ஒரு காலுக்கு எட்டிலிருந்து பத்து முறை, இரண்டு அல்லது மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இறங்க மூன்று எண்ணிக்கை. முட்டி கோட்டை விடாமல், வலி மூன்றைத் தாண்டாமல் இரண்டு தடவை தொடர்ந்து வந்தால் இன்னொரு அடுக்கு செங்கல் போடலாம். அப்புறம் வீட்டுப் படி. அந்த அக்காவுக்கு நிஜப் படிக்கு வர இரண்டு மாதம் ஆனது, அதற்கப்புறம்தான் பையில் எடை வைத்தோம், முதலில் இரண்டு கிலோ அரிசி, பிறகு ஐந்து. அவசரப்பட்டு ஒரே வாரத்தில் முக்கால் அடிக்குப் போகிறவர்கள் அடுத்த வாரம் வீங்கிய முட்டியோடு வந்து நிற்கிறார்கள்.

படி இறங்கும்போது முட்டி எவ்வளவு முன்னால் வர முடியும் என்பது கணுக்காலைப் பொறுத்தது. சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். கால்விரல் நுனிக்கும் சுவருக்கும் நடுவே பத்து சென்டிமீட்டர் வந்தால் நல்லது, அதைவிட முக்கியம் இரண்டு காலும் ஏறக்குறைய சமமாக இருப்பது. சுளுக்கு ஏற்பட்டு மாசக்கணக்கில் கட்டுப் போட்ட காலில் இது பாதிதான் இருக்கும். அதே அசைவைப் பத்துப் பதினைந்து முறை தினமும் செய்துகொண்டு வந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

இவ்வளவும் பழகும் வரை படியே இறங்காமல் இருக்க முடியுமா, ரோடு மேலே இருக்கிறதே. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கைத்தடி வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் இருக்க வேண்டும். பாதிப் பேர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள், அது பார்க்க நியாயமாகத் தெரிந்தாலும் நடக்கும்போது எதிர்க் கையில் இருப்பதுதான் இடுப்பின் பாரத்தைக் குறைக்கும். கையைத் தொங்கவிட்டு நின்றால் தடியின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு வர வேண்டும்.

சரிவில், படி இல்லாத இடத்தில், பயத்தில் உடம்பு பின்னால் சாயும். சாய்ந்தால் குதிகால் மட்டும் தரையைத் தொடும், வழுக்குவது அங்கேதான். முட்டியை லேசாக மடக்கி, அடியைச் சின்னதாக்கி, மூக்கைப் பாதத்துக்கு மேலேயே வைத்துக்கொண்டு, இடம் இருந்தால் குறுக்கு மறுக்காக இறங்குங்கள். மாட்டைக் கவனித்தால் தெரியும், செங்குத்தாக அது இறங்குவதே இல்லை.

திரும்பி எட்டுவது, சுமப்பது

கொழுந்தைக் கிள்ளி, கை நிறைந்ததும் தோளுக்கு மேலாக முதுகுக் கூடையில் வீசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கை கீழே எதிர்ப்பக்கத்தில் ஆரம்பித்து, குறுக்கே மேலே போய், தோளுக்குப் பின்னால் திறந்து முடிகிறது. அமெரிக்காவில் ஹெர்மன் காபாட் என்ற மருத்துவர் 1940களில் நரம்பு பாதித்தவர்களுக்காக உருவாக்கிய சிகிச்சை முறையில் இதே மாதிரியான குறுக்கு அசைவுதான் அடிப்படை. பி.என்.எஃப் என்பது அந்த முறையின் சுருக்கப் பெயர். படிக்கும்போது மண்டையைப் பிளந்த அந்தப் பாடத்தை, தேயிலைக் காட்டில் பெண்கள் மூச்சுவிடுவது மாதிரி செய்துகொண்டிருந்தார்கள். தோள் இறுகிப்போனவர்களுக்கும் பக்கவாதம் வந்து மீண்டுகொண்டிருப்பவர்களுக்கும் இதைக் கொடுக்கிறேன். உட்கார்ந்துகொண்டு, எதிர் இடுப்பில் செருகியிருக்கும் கத்தியை உருவித் தோளுக்கு மேலே தூக்குவது போல, கண் கையைத் தொடர்ந்து போக வேண்டும். கண் போனால் கழுத்தும் முதுகும் தானாகத் திரும்பும். கை வராதவர்களுக்கு நல்ல கை மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகட்டும். வலிக்கும் உயரத்துக்கு ஒரு சாண் கீழே நிறுத்திவிடுங்கள்.

சுமப்பதற்கு ஒரு ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் போதும். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ, எத்தனை கிலோ வேண்டுமோ அத்தனை ஊற்றிக்கொள்ளலாம், இதற்கு டம்பெல் வாங்குவது வீண். ஒரு கையில் பிடித்து, எதிர்ப்பக்கம் சாயாமல், நேராக இருபது அடி நடந்து திரும்பி, கையை மாற்றிக்கொள்ளுங்கள். சமதளத்தில் நன்றாக வந்த பிறகுதான் சரிவு. குடத்தை எப்போதும் ஒரே இடுப்பில் வைப்பவர்கள் இன்றைக்கே மாற்றி வைத்துப் பாருங்கள், எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரியும்.

தரையிலிருந்து எழுவதை யாரும் பழகுவதில்லை, விழுந்த அன்றைக்குத்தான் நினைப்பு வரும். பக்கவாட்டில் புரண்டு, கை முட்டி நாலையும் ஊன்றி, ஒரு நாற்காலி வரை தவழ்ந்து, வலிக்கிற முட்டிக்கு அடியில் தலையணை வைத்து மண்டியிட்டு, நல்ல காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, நாற்காலியைப் பிடித்து எழ வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை, பக்கத்தில் ஆள் இருக்கும்போது. தனியாக இருக்கும் பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் மற்ற எதையும் விட்டாலும் இதை விட வேண்டாம்.

நேரம்? மார்கழி தை மாதத்தில் உறைபனி விழுந்த காலையில் ஆறு மணிக்கு எழுந்து செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெயில் ஏறி, ஒரு டீ குடித்து, வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிஷம் நடந்து உடம்பு சூடான பிறகு ஆரம்பியுங்கள். நாற்காலியும் கணுக்காலும் தினமும், செங்கல்லும் சுமப்பதும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மொத்தம் இருபது நிமிஷத்தைத் தாண்டாது.

நான் 43 படியையும் கையை விட்டு இறங்க நாலரை மாதம் ஆனது. அதற்கப்புறம்தான் ஒரு வெல்டரைக் கூப்பிட்டு மண் சரிவு முழுக்க ஜிஐ பைப்பில் கைப்பிடி போட்டு, பாசி பிடித்த படிகளை ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன், அதுவும் அம்மா திட்டிய பிறகு. நீங்கள் செங்கல் அடுக்கும் முன்னாலேயே வெல்டருக்கு போன் போட்டுவிடுங்கள்.